ஒலி தள்ளிய தண்ணீர்

அத்தியாயம் 7

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அவள் சொன்னபோது நாங்கள் அறைக்குள் முழுதாக நுழையக்கூட இல்லை. மாமாவின் ஒரு கால் இன்னும் வெளியில்தான் இருந்தது. காலையிலிருந்து அந்தக் கதவைத் திறந்த எல்லோரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

"போட வேண்டாம்மா" என்றார் மாமா. "உட்கார மட்டும் விடு. லிஃப்ட் வேலை செய்யல, படியேறி வந்திருக்கேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். தோழியின் அப்பாவை அடையாளம் தெரிந்ததும் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் விட்டது. நாற்காலி மேல் இருந்த வயர் சுருளைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். எனக்கு நாற்காலி இல்லை. மாப்பிள்ளை என்றால் எங்கே போனாலும் முதல் நாற்காலி என்பதெல்லாம் கல்யாணமான முதல் வருஷத்தோடு சரி.

யார் யார் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோழி என் மனைவி; மாமா என்றால் அவளுடைய அப்பா. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குக் காட்டி இழப்பீடு கேட்பவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவரிடம் ஒரு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு ஓடிவிட்டது. நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எல்லோர் கையிலும் கேமரா வந்த பிறகு ஸ்டுடியோ என்னை வைத்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் மாமாவுக்கு வண்டி ஓட்டுகிறேன், படம் எடுக்கிறேன், தேவைப்பட்ட இடத்தில் வாய் திறக்கிறேன். தேவைப்படாத இடத்தில் திறப்பதுதான் அதிகம் என்பது மனைவியின் அபிப்பிராயம். மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது என்று மாமா ஒரு கொள்கை வைத்திருக்கிறார். எனவே மரியாதையாகவே குத்துவார்.

அவள் இந்தக் கம்பெனியில் இன்ஜினியர். ஆஸ்பத்திரிகளுக்கான சின்னச் சின்னக் கருவிகள் செய்யும் கம்பெனி. இங்கே எல்லோரும் அவளைக் 'கொசு' என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை அவளே கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அறைக் கதவில் பெரிதாக ஒரு கொசுவை வரைந்து ஒட்டியிருந்தாள். தான் செய்த பம்ப் ஓடும்போது காதோரம் கொசு பறப்பது போல ஒரு ரீங்காரம் வரும், அதனால் இந்தப் பெயர் என்றாள். வைத்தவர் 'மோட்டார்'. அதுவும் ஆள்தான். மோட்டாரில் ஓடும் பம்புகளைச் செய்யும் பிரிவுக்குத் தலைவர். இதே மாடியில், நீள நடையின் மறுபக்கம் முழுக்க அவருடைய ஆட்கள்.

அவளுடைய பம்பைப் பற்றி மாமா கேட்டார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதற்குள் தலைமுடி பருமனில் ஒரு வாய்க்கால். வாய்க்காலின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இரண்டு குழி. ஒரு குழியில் சொட்டுத் தண்ணீர் விட்டால் அது அடுத்த குழிக்குப் போய்ச் சேர வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் உள்ளே சுற்றுகிற சக்கரமோ, மூடித் திறக்கிற வால்வோ எதுவும் கிடையாது. கண்ணாடி மேல் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கிறது. கரண்ட் கொடுத்தால் அது ரீங்காரம் போடும். வாய்க்காலின் ஓரத்தில் வரிசையாகச் சின்னப் பொந்துகள், ஒவ்வொரு பொந்திலும் ஒரு காற்றுக் குமிழி. தகடு கத்தினால் குமிழிகள் நடுங்கும். குமிழி நடுங்கினால் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் நகரும். பிறந்த குழந்தைக்குச் சொட்டிலும் சின்னச் சொட்டாக மருந்து ஏற்ற அது உதவும் என்றாள்.

"அதாவது, காதுகிட்ட கத்தியே தண்ணியை வேலை வாங்கறீங்க" என்றேன்.

"ஆமாண்ணா."

"எங்க வீட்டுலயும் அதே முறைதான். நான்தான் தண்ணி."

மாமா தொண்டையைச் செருமினார். அவருடைய மகளைப் பற்றிய விஷயம் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். போன வாரம் வெளியூரிலிருந்து வாங்குகிறவர்கள் வந்திருந்தார்கள். அவள் இதே மேஜையில், இதே மைக்ராஸ்கோப்புக்குக் கீழே, ஒரு இரும்புத் தட்டின் மேல் பம்பை வைத்து, தண்ணீர் விட்டு, குழிகளுக்குச் சின்ன மூடி போட்டு, தட்டைச் சுற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டு விருந்தாளிகளை அழைத்து வரக் கீழே போயிருக்கிறாள். வந்ததும் மூடியை எடுத்து ஸ்விட்சைப் போட்டாள். மைக்ராஸ்கோப்பில் தெரிவது சுவரில் இருக்கும் பெரிய திரையில் வரும். தண்ணீரில் கலந்திருந்த துகள்கள் இடமிருந்து வலமாக வரிசையாக நகர்ந்தன. வந்தவர்கள் தலையாட்டினார்கள். எழுந்து கை குலுக்கப் போகும் நேரத்தில் மோட்டார், "ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் கறுப்புத் துணியைத் தூக்கினார். தட்டுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று இருந்தது. சாய்த்து வைத்தால் தண்ணீர் தானே ஓடும், இதற்கு எதற்குக் கொசு என்று கேட்டார். யாரும் எதையும் தொடுவதற்கு முன்னால் போனில் படமும் எடுத்துக்கொண்டார். விருந்தாளிகள் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

அட்டையை அவள் வைக்கவில்லை. அதை அவள் ஒரு முறைதான் சொன்னாள். ஒரு முறை சொன்னால் போதும் என்பது மாதிரி சொன்னாள்.

"அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல அங்கிள். அடுத்த நாள் பம்பைச் சமமான மேஜையில வச்சு ஓட்டிப் பார்க்கச் சொன்னாங்க. ஸ்விட்சைப் போட்டேன். ரீங்காரம் வருது, தண்ணி அசையவே இல்ல. செத்த பாம்பு மாதிரி கிடக்குது."

"ஏன்?"

"யாரோ ஸ்பிரிட் விட்டுக் கழுவியிருக்காங்க. வாசனை எனக்குத் தெரியாதா? ஸ்பிரிட் பட்டா பொந்துக்குள்ள தண்ணி புகுந்துடும், குமிழி போயிடும். குமிழி இல்லன்னா பம்ப் இல்ல. காய வச்சு மறுபடி தண்ணி விட்டா தானா சரியாயிடும். ப்ளோயரைக் கொடுங்க, இங்கயே காட்டறேன்னேன். தொடக்கூடாதுன்னுட்டாங்க. நான் தொட்டா இன்னொரு வித்தை காட்டுவேனாம்."

அன்று இரவு பம்ப் யார் பொறுப்பில் இருந்தது என்று மாமா கேட்டார். பத்திரமாக வைக்கிறேன் என்று மோட்டார்தான் எடுத்துப்போனாராம். இப்போது அது எம்.டி. அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. எம்.டி. அவளுக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார். தண்ணீரைச் சாய்த்து ஓடவிட்டு ஏமாற்றினேன் என்று எழுதியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போகலாம், சத்தமில்லாமல் முடிந்துவிடும். போடாவிட்டால் சாயங்காலம் போலீஸில் புகார். எப்படியானாலும் ஒலி பம்ப் வேலையை மூடிவிட்டு மோட்டாருக்கே எல்லாவற்றையும் கொடுக்கப் போகிறார்கள்.

"போட்டா வெளியில வேற எங்கயாவது வேலை கிடைக்கும்" என்றேன். சும்மா சோதித்துப் பார்க்கத்தான்.

"கிடைக்கும்ண்ணா. போற இடத்துல இந்தப் பம்பைப் பத்தி நான் வாயைத் திறக்க முடியுமா? அது ஓடலன்னு நானே எழுதிக் கொடுத்ததா ஆயிடும். என்னை உள்ள தள்ளினாலும் பரவால்ல, அது ஓடுச்சு."

மாமா அந்தப் போட்டோவைப் பற்றிக் கேட்டார். அவளிடம் காட்டவே இல்லையாம். அட்டைத் துண்டை மட்டும் மூஞ்சிக்கு நேரே ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். அவளும் கேட்டு வாங்கவில்லை. அவர்கள் காட்டுகிற எதையும் பார்ப்பதே அவர்கள் சொல்வதைப் பாதி ஒப்புக்கொள்வது மாதிரி அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"சரி, ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு ஓட்டம் எப்படி இருந்துச்சு?"

அவ்வளவு நேரம் நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள் முதல் தடவையாகப் பார்வையைத் திருப்பினாள். மந்தமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டாள். எப்போதும் ஓடும் வேகத்தில் பாதிகூட இல்லை. நோஞ்சான் மாதிரி நகர்ந்தது. திரையில் ஒரு ஓரம் மங்கலாகவே தெரிந்ததால் ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். எல்லாம் போன பிறகும் அந்த வேகம்தான் அவளை உறுத்துகிறது. இன்னும் நன்றாக ஓடியிருந்தால் இப்படி ஒருவன் வாய் திறந்திருப்பானா என்று அவளுக்கு ஓர் ஆற்றாமை.

மாமாவின் முகம் மலர்ந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மலரும் அதே மலர்ச்சி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எழுந்து போய் மைக்ராஸ்கோப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும், உங்கள் விசிட்டிங் கார்டைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். லென்ஸுக்குக் கீழே வைத்து விளக்கைப் போட்டதும் என் ஸ்டுடியோவின் பெயர் சுவர்த் திரையில் பூதாகரமாக வந்து நின்றது. தலைகீழாக.

"மாப்பிள்ளை, உங்க ஸ்டுடியோ கவுந்து கிடக்குது."

"அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் எதுக்கு மாமா?"

அவர் கார்டை மெல்ல நகர்த்தினார். என் பெயர் திரையை விட்டு ஓடியது. பிடிக்கப் போனார், இன்னும் ஓடியது. வண்டியை ரிவர்ஸில் எடுக்கும்போதும் அவர் இப்படித்தான் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. கொசு மட்டும், பழகினால் சரியாகிவிடும் அங்கிள், எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது என்று ஆறுதல் சொன்னாள்.

எம்.டி. அறைக்குப் போகும் வழியில் என் கணிப்பை மாமாவிடம் சொன்னேன். போட்டோதான் கோளாறு. அட்டையே அங்கே கிடையாது; கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். என் கண்ணில் ஒரு தடவை காட்டினால் போதும், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவேன். மாமா, உங்களை நம்பித்தான் வந்திருக்கிறேன் மாப்பிள்ளை என்றார். அவர் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம்.

எம்.டி. நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். கோபப்படத் தெரியாதவர், கஷ்டப்படத் தெரிந்தவர். மேஜை மேல் இருக்கும் தாள்களின் ஓரத்தை ஒன்றாகத் தட்டிச் சேர்த்துக்கொண்டே பேசினார். அந்தப் பெண்ணை நம்பித்தான் இவ்வளவு செலவு செய்தோம் என்றும், நம்பியதால்தான் இன்னும் போலீஸுக்குப் போகவில்லை என்றும் சொன்னார். பக்கத்து நாற்காலியில் மோட்டார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. குடும்ப நண்பர் வந்திருக்கிறீர்கள், அவளுக்குப் புத்தி சொல்லுங்கள் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார்.

போட்டோவைக் கொடுத்தார்கள். பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார்கள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அலசினேன். அட்டையின் நிழல் தட்டு மேல் விழுந்த விதம், தட்டின் பளபளப்பில் அட்டையின் ஓரம் தெரிந்த விதம், எல்லாம் சரியாக இருந்தது. சுத்தமான, கை வைக்காத படம்.

"என்ன மாப்பிள்ளை?"

"அசல்தான் மாமா" என்றேன். தோரணத்தைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டேன்.

"இடது வலதா மாத்திப் போட்டிருப்பாங்களோ? செல்போன்ல சில சமயம் அப்படி ஆகுமே."

இல்லை. பின்னால் சுவரில் தொங்கும் தீயணைப்பானின் எழுத்துகள் நேராகப் படிக்க முடிகிறது. மைக்ராஸ்கோப்பில் வேலை செய்கிறவர் உட்காரும் இடத்திலிருந்து எடுத்த படம். தட்டின் இடது பக்கம்தான் அட்டை. தட்டு இடது பக்கம் தூக்கி, வலது பக்கம் தாழ்ந்து இருக்கிறது. இதைச் சொல்லும்போதே நம் கட்சிக்காரிக்கு எதிராக நானே சாட்சி சொல்கிறேனே என்று இருந்தது.

மோட்டார் மெல்லச் சிரித்தார். மாமா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அடுத்து வந்ததுதான் நான் பார்த்ததிலேயே மோசமான குறுக்கு விசாரணை. எதிராளியை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிற மாதிரி.

அட்டையை எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். அறைக்குள் நுழைந்ததுமே தட்டு சாய்ந்திருந்ததைப் பார்த்ததாக மோட்டார் சொன்னார். அப்படியானால் நடுவில் யாரும் செருகியிருக்க முடியாதா? முடியாது. முடிந்த பிறகு?

"சார், ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் அது அங்கேயேதான் இருந்துச்சு. என் கண்ணு அதை விட்டு அசையல."

"எதுக்குக் கேக்கறேன்னா, நாளைக்கு அந்தப் பொண்ணு, அட்டை அப்புறமாத்தான் வந்துச்சுன்னு சொல்லக்கூடாது பாருங்க."

"சொல்ல முடியாது. நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

மாமா எம்.டி.யையும் கேட்டார். அவரும் மைக்ராஸ்கோப்புக்கு ஓரடி தள்ளி நின்றிருக்கிறார். துணியைத் தூக்கும் வரை தட்டுக்கு அடியில் யாரும் கை வைக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். மாமா திருப்தியாகத் தலையாட்டினார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"மாப்பிள்ளைக்குக் கால் மரத்துப்போச்சு போல" என்று சபைக்கு அறிவித்துவிட்டு, மாமா கடைசிக் கேள்வியைக் கேட்டார். தண்ணீரை எந்தப் பக்கத்துக் குழியில் விட்டிருந்தாள்?

மோட்டார் பொறுமையாக விளக்கினார். "இடது பக்கம் சார். திரையில எல்லாரும் பார்த்தோமே, இடமிருந்து வலமாப் போச்சு. இடது பக்கம் அட்டை, அது மேடு. வலது பக்கம் பள்ளம். மேட்டுல விட்டா பள்ளத்துக்கு ஓடும். இதுக்குப் போய் ஒரு வருஷம் ஆராய்ச்சி."

"ரொம்பத் தெளிவாச் சொன்னீங்க" என்றார் மாமா. "பம்பை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணு ரூமுக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா? கையெழுத்து விஷயத்தை முடிச்சுடலாம்."

எம்.டி. முகத்தில் நிம்மதி தெரிந்தது. அலமாரியைத் திறந்து பம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நீள நடையில் நாங்கள் போனபோது மோட்டார் பிரிவின் கதவுகள் திறந்திருந்தன. கம்பிச் சுருள் சுற்றிக்கொண்டிருந்த தலைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டன.

எங்களைப் பார்த்ததும் கொசு எழுந்து நின்றாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்தது எதுவோ அவளுக்குப் பிடிக்கவில்லை. மாமா எம்.டி.யை மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காரச் சொன்னார். சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து முனையை லென்ஸுக்குக் கீழே காட்டச் சொன்னார். திரையில் பேனா முனை உலக்கை மாதிரி வந்து நின்றது.

"மெதுவா வலது பக்கம் நகர்த்துங்க."

எம்.டி. நகர்த்தினார். திரையில் உலக்கை இடது பக்கம் போனது.

அவர் கையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி நகர்த்தினார். கை வலது பக்கம் போனது, திரையில் இடது பக்கம் போனது. ஒரு பெரிய கம்பெனியை நடத்துகிறவர் பேனாவை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் கார்டு கவிழ்ந்து கிடந்தபோதே உறைத்திருக்க வேண்டும். லென்ஸ் பிழைப்பு என்று பெயர், என்ன பயன்.

"திரையில தண்ணி இடமிருந்து வலம் போச்சு" என்றார் மாமா. "அப்படின்னா தட்டு மேல வலமிருந்து இடம் போயிருக்கு. பார்க்கிறவங்க இடமிருந்து வலமாப் படிக்கிறவங்களாச்சேன்னு, திரையில அப்படித் தெரியற மாதிரி இந்தப் பொண்ணு கண்ணாடியைத் திருப்பி வச்சிருக்கு. தினமும் இதுல வேலை செய்யற கை அது. தண்ணி விட்டது வலது குழியில. அட்டை இருந்தது இடது பக்கம். அதை இவர் சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிட்டார். அட்டை நடுவுல வரல, போகலன்னு நீங்களும் சொல்லிட்டீங்க."

எம்.டி. பேனாவைக் கீழே வைத்தார். கொசுவுக்கு வார்த்தைகள் வந்தன, மிக மெதுவாக, ஒவ்வொன்றாக.

"இடது பக்கமா? அட்டை இடது பக்கமா இருந்துச்சு?"

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதான் மந்தமாப் போச்சா. மேடு ஏறியிருக்கு. அத்தனை பேர் முன்னாடி என் தண்ணி மேடு ஏறியிருக்கு. நான் ஒரு வாரமா அதைப் போய்த் திட்டிக்கிட்டு இருக்கேன்."

சாய்த்து ஓடவிட நினைக்கிறவள் தப்பான பக்கத்தைத் தூக்குவாளா என்று மாமா எம்.டி.யைக் கேட்டார். இந்தப் பம்பைக் கிட்டே வந்து ஒரு நாளும் பார்க்காமல், கூட்டங்களில் திரையில் மட்டும் பார்த்த ஒருவர்தான் அப்படித் தூக்குவார். ஏமாற்று வேலையை நுழைந்ததுமே கண்டுபிடித்துவிட்டு, விருந்தாளிகள் கை குலுக்கும் வரை வாய் திறக்காமல் இருந்தவர். அன்று ராத்திரி பம்பைப் பத்திரமாக வைத்திருந்தவர். பெயரை மாமா சொல்லவில்லை. அவருடைய பழைய ஆபீஸ் பழக்கம். பெயரை மட்டும் எதிராளியே சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்.

மோட்டார், இதெல்லாம் வார்த்தை ஜாலம் என்றார். கண்ணாடியில் தண்ணீர் விடும் பக்கம் இடதுதான், இப்போதே காட்டுகிறேன் என்று பம்பைத் தட்டின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அவசரமாக நிமிர்ந்து, எது இடது பக்கம் என்று சுவர்த் திரையில் தேடினார்.

"கண்ணாடி இங்க இருக்கு" என்றார் எம்.டி. "நீங்க ஏன் அங்க பார்க்கறீங்க?"

மடிப்புக் கலையாத மனிதர் அந்த ஒரு வாக்கியத்தில் கசங்கிவிட்டார். ஆனால் குனியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"ஆமா, வச்சேன். நான்தான் வச்சேன். இந்தக் கொசு கத்த ஆரம்பிச்சா என் பிரிவை மூடிடுவீங்க. கம்பி சுத்தியே விரல் தேஞ்சவங்க அங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க எங்க போவாங்கன்னு யாராவது கேட்டீங்களா?"

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் கொசு. "என்னை ஒரு தடவை கேட்டீங்களா? கண்ணுக்குத் தெரியாத பொந்து, அதுல தகடு ஒட்டணும், வயர் வைக்கணும். கை நடுங்காத ஆளுங்க வேணும்னு சாரை எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? நடையைத் தாண்டி வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்களுக்கு அட்டை மடிக்கத்தான் நேரம் இருந்துச்சு."

மோட்டார் திரும்பி, வயர் சுருள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

எம்.டி. எழுந்தார். நடந்தது நடந்துவிட்டது, நீ வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஓய்வெடு என்று ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ப்ளோயரை எடுத்தாள். பம்பைத் தட்டிலிருந்து எடுத்து, இரண்டு குழிகளுக்கும் மாற்றி மாற்றிச் சூடான காற்றை ஊதினாள். குழந்தைக்குத் தலை துவட்டுகிற நிதானம். எம்.டி. காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். இந்த நேரத்துக்கு ஒரு டீ சொல்லலாமே என்று நினைத்தேன். ஆச்சரியமாக, வாய் திறக்கவில்லை.

காய்ந்ததும் மறுபடி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தட்டில் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று எம்.டி.யையே குனிந்து பார்க்கச் சொன்னாள். வலது குழியில் துகள் கலந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். கதவை அகலத் திறந்து வைத்தாள். அப்புறம் ஸ்விட்சைப் போட்டாள்.

ரீங்காரம் கிளம்பியது. பல் கூசுகிற மாதிரி மெல்லிய, பிடிவாதமான சத்தம். திரையில் துகள்கள் ஒரு கணம் சும்மா மிதந்தன. பிறகு ஒரே பக்கமாகத் திரும்பி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது போல ஓடத் தொடங்கின. அன்றைக்கு நோஞ்சானாக நகர்ந்ததாகச் சொன்னாளே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. மோட்டார் பிரிவு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், கம்பி சுற்றும் கையுறையைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள்.

எம்.டி. கொசுவின் பக்கம் நெருங்கி, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். புகார் எதுவும் இல்லை. அந்தத் தாளை அவரே கிழித்துப் போட்டுவிடுவார். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து முறையாக எழுதி வீட்டுக்கே அனுப்பி வைப்பார்.

"வீட்டுக்கு வேணாம் சார்" என்றாள். "ஏமாத்துக்காரின்னு என்னைச் சொன்னது இந்த மாடியில. இங்கயே சொல்லுங்க."

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எம்.டி. வாசலுக்குப் போனார். அங்கே நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். நடையின் நடுவில் நின்று, இல்லாத தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சேர்ப்பது போல இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, தரையைப் பார்த்து, நிர்வாகத்தின் தரப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது என்கிற மாதிரி ஏதோ சொல்லத் தொடங்கினார். பாதி வார்த்தைகள் அவர் சட்டைக் காலருக்குள்ளேயே விழுந்துவிட்டன.

"கேக்கல சார்" என்றாள் கொசு.